உங்கள் ஊர் வரலாற்றை மூல ஆவணத்திலிருந்தே நடத்த: இணையத்தில் எங்கே, எப்படித் தேடுவது?

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "பாடநூலில் சோழர் வருகிறார்கள், பாண்டியர் வருகிறார்கள், எங்கள் ஊர் மட்டும் வருவதில்லை. எங்கள் மாவட்டத்தைப் பற்றிய முதன்மைச் சான்றுகள், அதாவது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை, பிள்ளைகள் கையில் கொடுக்கிற மாதிரி இணையத்தில் கிடைக்குமா? தேடினால் தல வரலாறும் வாட்ஸ்அப் கதைகளும்தான் வருகின்றன."

கிடைக்கும், நீங்கள் நினைப்பதைவிட நிறையவே கிடைக்கும். ஆனால் ஊர்ப் பெயரோடு 'வரலாறு' என்று சேர்த்து அடித்தால் கிடைக்காது. அந்தச் சான்றுகளை எழுதியவர்கள் யாரும் வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்து எழுதவில்லை. கோயில் கணக்கர் நெல் அளவை எழுதினார், கலெக்டர் ஆபீசில் வரியை எழுதினார்கள், நில அளவைக்காரர் ஏரியை வரைந்தார், பஞ்சாயத்தார் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரை எந்தப் பெயரில் எழுதினார்களோ அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். அதனால் கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, ஊரின் பழைய பெயர்கள். இன்னொன்று, எந்தக் காலத்தில் யார் இங்கே வரி வாங்கினார்கள் என்பது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். பழைய ஆங்கில ஆவணங்களில் திருச்சி டிரிச்சினோபோலி, தஞ்சாவூர் டான்ஜோர், திருநெல்வேலி டின்னவெல்லி, தூத்துக்குடி டூட்டிகொரின், காஞ்சிபுரம் கான்ஜீவரம். இவையாவது எல்லோருக்கும் தெரியும். பரங்கிப்பேட்டையைப் போர்ட்டோ நோவோ என்றும் சதுரங்கப்பட்டினத்தைச் சட்ராஸ் என்றும் தேட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. மயிலாடுதுறைக்கு மாயவரம் என்று தேடுங்கள். சிற்றூர் என்றால் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். எழுத்தை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. சோழர் கால ஆவணம் என்றால் ஊர்ப் பெயரே வேறாக இருக்கலாம், கூடவே கூற்றம், நாடு, வளநாடு என்று அந்தக் கால நிலப் பிரிவுகள் அடுக்கடுக்காக வரும். உங்கள் ஊர் எந்த நாட்டுப் பிரிவில் இருந்தது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அந்த நாட்டுப் பெயரைத் தேடினாலே அக்கம்பக்கத்து ஊர்களின் கல்வெட்டுகளும் வந்து விழும்.

அப்புறம், யார் ஆண்டார்கள் என்பது. இன்றைய தமிழ்நாடு ஒரே அலுவலகத்தில் எழுதப்பட்ட மாநிலம் இல்லை. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் வந்தன. அதற்கு முந்தைய தாள்கள் திருவிதாங்கூர்க் கணக்கில் இருக்கும். நாகர்கோவில் ஆசிரியர் சென்னை மாகாண ஆவணங்களில் தேடித் தேடிச் சோர்ந்துபோவதில் பயனில்லை. அவர் திறக்க வேண்டியது 1906-ல் வெளிவந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல். திருத்தணி ஆந்திராவிலிருந்து 1960-ல் வந்தது. தரங்கம்பாடி 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நாகப்பட்டினத்தில் 1781 வரை டச்சுக்காரர்கள். ஊரை ஆண்டவர்கள் தாளையும் தங்களோடு கொண்டுபோயிருப்பார்கள், அல்லது அவர்கள் மொழியில் எழுதியிருப்பார்கள். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்து நிறுவனத்தால் மின்வடிவில் போடப்பட்டிருக்கின்றன, ஆனால் ஜெர்மன் மொழியில். எட்டாம் வகுப்புக்கு அது தேவைப்படாது.

இனி கல்வெட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான். நம்முடைய சாதாரண ஊர்களில்கூட ஒரு பழைய கோயில் சுவரில் ஆயிரம் வருடத்துக் கணக்கு எழுதியிருக்கிறது, அதன் பாடம் அச்சிலும் வந்திருக்கிறது, அந்த அச்சுப் புத்தகமும் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) என்கிற இலவச மின்நூலகத்தில் சும்மா கிடக்கிறது.

முதலில் ரங்காச்சாரியா 1919-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட, சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியலைத் திறங்கள். மாவட்டம், தாலுகா, ஊர் என்று பிரித்துப் போட்டிருப்பதால் உங்கள் ஊரில் அதுவரை எத்தனை கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன, எந்த அரசன், எதைப் பற்றியது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் ஆண்டும் இருக்கும். தொல்லியல் துறை 1887 முதல் ஆண்டுதோறும் வெளியிட்ட கல்வெட்டு அறிக்கையின் எண் அது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, 1890 முதல் வரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் தேடினால், முழுப் பாடமும் கிடைக்கலாம். ஒரு யோசனை: பழக்கமில்லாதவர்கள் முதல் மூன்று தொகுதிகளில் தொடங்குவது நல்லது, அவற்றில் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. நான்காம் தொகுதியிலிருந்து பெரும்பாலும் மூலப் பாடம் மட்டும்தான், கிரந்த எழுத்தும் கலந்து வருவதால் முதலில் மிரட்டும்.

தமிழிலேயே வேண்டும் என்றால் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட மாவட்டவாரித் தொகுதிகளைப் பாருங்கள். கன்னியாகுமரிக் கல்வெட்டுகள், தருமபுரிக் கல்வெட்டுகள், செங்கம் நடுகற்கள் என்று பல வந்திருக்கின்றன. நடுகல் உள்ள மாவட்டத்துக்காரர்களுக்குச் செங்கம் தொகுதி ஒரு பொக்கிஷம். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு நட்ட கல், நான்கு வரி, பேச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தமிழ். பிள்ளைகள் தாங்களே படித்துவிடுவார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், அவர்களே நடத்தும் தகவலாற்றுப்படை என்கிற தளத்திலும் மாவட்டம் வாரியாகக் கோயில், கல்வெட்டு, நடுகல் விவரங்கள் படத்தோடு இருக்கின்றன. புதிதாகக் கண்டெடுத்தவை 1991 முதல் வரும் ஆவணம் என்ற ஆண்டிதழில் வெளியாகின்றன.

வகுப்பில் இதை என்ன செய்வது என்றுதான் அடுத்த கேள்வி வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த ஒரு நீண்ட கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்கள், நானூறு பேரைப் பெயர் பெயராகச் சொல்கிறது. எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண். திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று பல ஊர்களிலிருந்து அவர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். திருவாரூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அந்தப் பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், தங்கள் ஊரிலிருந்து ஆயிரம் வருடம் முன்பு போன பெண்களின் பெயர்களை அவர்களே பொறுக்கி எடுக்கட்டும். கேள்விகள் தாமாக வரும்: ஏன் இவர்களுடைய அம்மா பேர் இல்லை, விரும்பிப் போனார்களா, நூறு கலம் நெல் ஒரு வீட்டுக்குப் போதுமா? கடைசிக் கேள்விக்குக் கணக்கே போடலாம். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். விரும்பிப் போனார்களா என்ற கேள்விக்குக் கல்வெட்டு பதில் சொல்லாது, அதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எல்லாப் பள்ளிகளிலும் அதை நடத்துகிறோம். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அந்த இரண்டு கல்வெட்டுகளையும் 'குடவோலை முறை, அன்றே மக்களாட்சி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். மூலத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வரக்கூடாது. முப்பது குடும்புகளில் (ஊரின் வார்டுகளில்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். இதை முழுசாகப் படித்த பிள்ளைகளிடம் 'இந்த ஊரில் யார் யார் பெயர் குடத்துக்குள் போயிருக்கவே முடியாது?' என்று கேளுங்கள். பெண்கள், நிலமில்லாதவர்கள், பிராமணர் அல்லாதவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். கணக்குக் காட்டாதவனை விலக்கிய ஏற்பாட்டைப் பாராட்டவும் செய்வார்கள். இரண்டும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. கல்வெட்டு வெட்டியவர்கள் நிலமும் அதிகாரமும் உள்ளவர்கள். உழுதவர்கள் அதில் பேச மாட்டார்கள், ஆனால் இருப்பார்கள். பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கில், வரியிலிருந்து நீக்கிய இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு என்று அடுக்கிக்கொண்டு போகிறார்கள். தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. வரிக்கணக்கில் ஒரு வார்த்தையாக மட்டும் ஒரு சேரி மக்கள் வருவது ஏன் என்று பேசுவதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பக்குவமாக நடத்த வேண்டும், வகுப்பில் எந்தப் பிள்ளையும் குறுகிப்போகக் கூடாது. அதற்காக அந்த வரியை மறைக்கவும் கூடாது.

ஆண்டுக் கணக்கு பலரைக் குழப்பும். கல்வெட்டில் 'யாண்டு' என்று வருவது அரசன் பட்டமேறியதிலிருந்து எண்ணுவது. ராஜராஜன் 985-ல் வந்தவர், ஆக 25ஆவது யாண்டு என்றால் 1009 அல்லது 1010. சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். கொல்லம் ஆண்டோடு 825. வருவாய்த்துறைத் தாளில் பசலி என்று வந்தால் 590. மாதத்தைப் பொறுத்து ஒன்று முன்னே பின்னே இருக்கும், பள்ளிக்கு அது போதும்.

வெள்ளைக்காரர் காலத்துக்கு வந்தால் மாவட்ட மேனுவல்களும் கெசட்டியர்களும், அதாவது அரசு மாவட்டம்தோறும் எழுதவைத்த விவர நூல்கள். நெல்சனின் மதுரை (1868), வெங்கசாமி ராவின் தஞ்சாவூர் (1883), நிக்கல்சனின் கோயம்புத்தூர் (1887), பேட்டின் திருநெல்வேலி (1917) என்று ஏறக்குறைய எல்லா மாவட்டங்களுக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. உங்கள் தாலுகாவின் பக்கங்களை மட்டும் எடுங்கள், போதும். மழை, வாய்க்கால், பஞ்சம், சந்தை பற்றி அவர்கள் எழுதியது பெரும்பாலும் தங்கள் ஆபீஸ் கணக்கிலிருந்து வந்தது, அதை நம்பலாம். சாதிகளைப் பற்றி 'இவர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று எழுதியதை அப்படியே பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதை ஆட்சியாளர்களின் பார்வைக்கான சான்றாக மட்டும்தான் நடத்த முடியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை யாரும் வரலாறாக நினைப்பதில்லை, அது பெரிய நஷ்டம். மாவட்டக் கையேடுகள் 1951 முதல் வந்திருக்கின்றன, கணக்கெடுப்புத் துறையின் மின்நூலகத்தில் இலவசமாக இறக்கலாம். அதில் உங்கள் ஊர் தனி வரியாக இருக்கும்: எத்தனை பேர், எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், பிற்காலக் கையேடுகள் என்றால் பள்ளி, குடிநீர், மின்சாரம் உண்டா என்பதும். 1961-ஐயும் 2011-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெண்களின் எழுத்தறிவை மட்டும் ஒரு வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். பாட்டி ஏன் கைநாட்டு வைக்கிறாள் என்பது பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புரிந்துவிடும். 1961 கணக்கெடுப்போடு சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்து ஊருக்கு ஒரு தனி நூலே போட்டார்கள்; வீடு, சாப்பாடு, கடன், திருவிழா எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் ஊர் அதில் இல்லாவிட்டாலும் உங்கள் மாவட்டத்து ஊர் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். திருவிழாக்களுக்கும் கோயில்களுக்கும் தனித் தொகுதிகள் உண்டு.

வரைபடம். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்களைப் போட்டிருக்கிறது, ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் அளவில். ஏரிகள் தெளிவாகத் தெரியும். நான் ஒருமுறை அந்தத் தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து, காணாமல் போன ஏரிகளுக்குச் சிவப்பு வட்டம் போடச் சொன்னேன். ஒரு வட்டம் எங்கள் பேருந்து நிலையத்தின்மேல் விழுந்தது, அதற்குப் பிறகு அரைமணி நேரம் நான் பேசவே தேவைப்படவில்லை.

புகைப்படத்துக்கு, 1858-ல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்கள் பல அருங்காட்சியகத் தளங்களில் உயர்ந்த தரத்தில் கிடைக்கின்றன. பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார், பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். 1876–78 பஞ்சத்தில் ஹூப்பர் எடுத்த படங்களும் இணையத்தில் உண்டு. எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. அவற்றைச் சின்ன வகுப்பில் காட்ட வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மேல் காட்டினாலும், யார் எடுத்தது, படமெடுக்கும்போது அவர்களிடம் கேட்டிருப்பார்களா என்பதோடு சேர்த்துக் காட்டுங்கள்.

சாதாரண மக்கள் பேசும் ஆவணம் வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் (Endangered Archives Programme), புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்க் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் படமெடுத்த ஓலைகளும் தாள்களும் இருக்கின்றன. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு, நிலத் தகராறு, உடன்படிக்கை, குடும்பப் புகைப்படங்கள் என்று பல வகை. கையெழுத்தைப் படிப்பது கஷ்டம், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனால் பழைய பத்திரம் படித்துப் பழகிய பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால் அவரை வகுப்புக்கே அழைத்துவிடுங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கத்தவர்களுக்கு, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், முகவர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது, 1736 முதல் 1761 வரை. அரசியலை விட்டுவிட்டு, புயலும் விலைவாசியும் வரும் நாட்களை எடுத்துக் கொடுங்கள்.

தேடும்போது உதவும் சில நடைமுறை விஷயங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள தமிழ் நூல்களில் பலவற்றுக்குத் தலைப்பு தப்பும் தவறுமாக ஆங்கில எழுத்தில் இருக்கும். தலைப்பில் கிடைக்காவிட்டால் உள்ளடக்கத்துக்குள் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஸ்கேன் பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே பிரித்துக் கொடுக்கும், எண்களை மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். கிடைத்ததை உடனே இறக்கி வையுங்கள், இணைப்பை மட்டும் குறித்துவைப்பது போதாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின்மேல் இணையத் தாக்குதல் நடந்து, அவர்களுடைய மின்தொகுப்புகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. உரிமை பற்றிப் பயப்பட வேண்டாம், நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழித்து நூல் பொதுவாகிவிடும், நான் மேலே சொன்ன பழைய நூல்களில் பெரும்பாலானவை அந்த எல்லையைத் தாண்டியவை.

கடைசியாக, நான் பட்ட ஒன்று. ஒரு வலைப்பதிவில் 'எங்கள் ஊர்க் கல்வெட்டு சொல்கிறது' என்று இருந்ததை நம்பி வகுப்பில் நடத்திவிட்டேன். ஒரு மாணவி, அது எந்தச் சுவரில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். அறிக்கையை எடுத்துத் தேடினேன், அப்படி ஒரு கல்வெட்டே அந்த ஊரில் படியெடுக்கப்படவில்லை. அடுத்த நாள் வகுப்பில் அதைச் சொன்னேன். அன்றிலிருந்து எந்தத் தாளைக் கொடுத்தாலும் மேலே தொகுதி, எண், பக்கம் மூன்றையும் எழுதித்தான் கொடுக்கிறேன், எண் இல்லாத கல்வெட்டை வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. நீங்கள் உங்கள் ஊர்ப் பெயரையும் பக்கத்தில் உள்ள பழைய கோயிலின் பெயரையும் எழுதுங்கள், ரங்காச்சாரியா பட்டியலில் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.